இருமலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிற்பக் காலரி நடத்துகிறவர் பொய் சொன்னார். செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தில், விசாரணை அதிகாரியின் மேசைக்கு முன்னால் சொன்னார். செத்துப்போன சிற்பியின் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவருக்குத் துணையாக வந்த நான் பின்னால் நின்றிருந்தேன். காலரிக்காரர், தன் ஷெட்டில் வேலை செய்தவரைக்கும் அந்தச் சிற்பி நன்றாகத்தான் இருந்தான், அவனைக் கொன்றது பீடி, கல் தூசி இல்லை என்றார். அத்தாட்சி இருக்கிறது என்று தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

போனில் என் கிட்டார் ஒலித்தது.

"அவரு வேலைக்கு வந்த கடைசி மாசம் எடுத்தது சார். பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, வீடியோவுல பாருங்க. ஒரு இருமல் கேக்குதா?"

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த இருமலைத் துடைக்கச் சொன்னவன் நான்தான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

நான் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். தகடு உள்ளே போகும், கார் கதவின் உட்பக்கம் வெளியே வரும். எட்டு மணிநேரமும் அந்தச் சத்தம்தான். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்களுக்கென்று இருந்தது ஒரு வீடும் ஒரு சர்ச்சும். கிட்டார் சர்ச்சில் கற்றுக்கொண்டது. ஆராதனைப் பாட்டுக்குப் பின்னால் சரக் சரக்கென்று தட்டுகிற வேலை. பல வருடம் அதைத்தான் செய்தேன்.

பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரே ஒரு ஆள், ஒரு கிட்டார். பாட்டு இல்லை, தட்டுவதற்கு பிக் இல்லை, கூட வாசிக்க ஆள் இல்லை. கட்டைவிரல் கீழ்க்குரல் கம்பிகளில் நடந்துகொண்டே இருக்கிறது. மற்ற மூன்று விரல்கள் மேல்கம்பிகளில் மெட்டை எடுக்கின்றன. இடையில் உள்ளங்கை கிட்டார் உடம்பைத் தட்டித் தாளம் போடுகிறது. ஃபிங்கர்ஸ்டைல் என்கிறார்கள். எனக்குப் பேச்சு வராது. பேசினால் சண்டையில்தான் முடியும். இதில் பேச வேண்டியதே இல்லை என்பது எனக்குப் பிடித்தது.

நூலகத்தில் எடுத்த கதைகளுக்கும், காலண்டரிலும் புத்தகத்திலும் பார்த்த ஓவியங்களுக்கும் நானே வாசிக்க ஆரம்பித்தேன். கிணற்றில் விழுந்த ஆட்டை நாலு பக்கத்துக்கு எழுதிய ஒரு கதை இருந்தது. அதற்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. அதை ஒருநாள் சர்ச்சில் வாசித்தேன். பாடகர் குழுவில் இருந்த பெரியவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "நல்லாதான் கீது தம்பி. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். அதற்கப்புறம் நான் அங்கே வாசிக்கவில்லை.

இந்த வாசிப்புக்கு வலது கை நகம் வேண்டும். பிரஸ் மிஷினுக்கு நகம் ஆகாது. கையுறைக்குள் மடங்கி உடையும். சூப்பர்வைசர் என் கையைப் பார்க்கும்போதெல்லாம், வளையலும் வாங்கித் தரட்டுமா என்பான். உடைந்த நகத்தைப் பசை வைத்து ஒட்டித் தேய்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

அந்த நகத்தால்தான் சிற்பியைப் பார்த்தேன். வார விடுமுறையில் வண்டியை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போவேன். சாலையோரப் பட்டறைகளில் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கம். ஒருநாள் காலரிக்குப் பின்பக்கம் கிடந்த ஒரு கருங்கல்லில் உட்கார்ந்து, பிசிறு கிளம்பிய நகத்தை அதிலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள்ளிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளைப் பொடி.

"மச்சான், அது புள்ளையார் தொப்ப. அதுல நகம் தேய்க்காத. இந்தா."

கல்லைப் பளபளப்பாக்குகிற வாட்டர் பேப்பரில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து என் நகத்துக்கு அதுதான்.

அவனுக்கும் என் வயது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, செங்கல்பட்டுப் பக்கத்து ஊர். வீட்டில் விவசாயம் செய்தவர்கள், அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான், இவன் சிற்பம் படித்துவிட்டு இங்கே வந்துவிட்டான். ஓட்டல்களுக்குப் புத்தர் செய்வான், வீடுகளுக்குப் பிள்ளையார் செய்வான். அதெல்லாம் பிழைப்பு. தனக்கென்று ஒரு கல்லை வைத்திருந்தான். ஏரியில் கழுத்தளவு முங்கிக் கிடக்கும் எருமை. தலையும் முதுகும் மட்டும்தான் செதுக்குவான். மீதிக் கல்லை உளிகூடத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவதாகச் சொன்னான். அதுதான் தண்ணீராம்.

அவனிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. வேலை ஆரம்பிக்கும் முன் செங்காவி தொட்ட குச்சியால் கல்லில் அளவுக்கோடு போடுவார்கள். இவன் கோட்டோடு சேர்த்து நாலு வரி எழுதுவான். கவிதை என்று சொன்னால் திட்டுவான். அன்றைக்குச் செதுக்கப் போகிற பாகத்தின் மேலேயே எழுதுவான். சாயங்காலம் பார்த்தால் எழுத்தெல்லாம் சில்லாகித் தரையில் கிடக்கும். நோட்டில் எழுதிவைக்கச் சொல்லிப் பார்த்தேன். கல்லுக்குச் சொன்னது, உனக்கு எதற்கு என்றான். எனக்கு நினைவில் நிற்பது ஒன்றே ஒன்று. எருமையின் முதுகில் எழுதியது: "மேலே தெரிவதை எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே நிற்பதற்குத்தான் மூச்சு முட்டுகிறது."

அந்த வரிக்கும் அந்தக் கல்லுக்கும்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். அடிக்கம்பியைத் தொளதொளவென்று தளர்த்திவிட்டேன். தண்ணீர் மாதிரி அசைந்தது. மெட்டு அதற்குள் இறங்கி இறங்கி மேலே வரும். வரிகளோ உடைந்து போயிருந்தன. என் வாசிப்புதான் மிச்சம்.

ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேலே ஓலையோ தார்ப்பாயோ இருக்கும், பக்கம் திறந்திருக்கும். கடல்காற்று தூசியை வாரிக்கொண்டு போய்விடும். காலரியிலும் முதலில் அப்படித்தான் இருந்ததாம். முன்பக்கம் கண்ணாடி வைத்து, விருந்தாளிகளுக்குக் காபி கொடுக்க ஆரம்பித்தார்கள். தூசி கண்ணாடியில் படிந்தது, காபியில் விழுந்தது. காலரிக்காரர் ஷெட்டின் மூன்று பக்கமும் தகரம் அடித்தார். நாலாவது பக்கம் கனமான பிளாஸ்டிக் திரை. உள்ளே ஒரு மின்விசிறி. கட்டிங் மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது. ஆளுக்கு ஒரு துணி மாஸ்க் கொடுத்தார். அதில் வேர்வை துடைத்துக்கொண்டார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்ததா என்றால், வரவில்லை. அந்தத் தகரத்துக்குள் கிட்டார் நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு கம்பியும் நின்று அதிர்ந்து கேட்டது. மிஷின் ஓடாத நேரத்தில் அவன் திரையை விலக்கப் போனால், சத்தம் வெளியே போகும், மூடு என்று சொல்லியிருக்கிறேன். அவனும் மூடினான்.

கல் வாங்கும்போது அவர்கள் சுத்தியால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அவன் என் கிட்டாரையும் அப்படித்தான் முதலில் தட்டிப் பார்த்தான். உள்ளே ஓட்டை இல்லை, நல்ல கல் என்றான். அது வெறும் ஓட்டைதானடா என்றேன். அரைமணிநேரம் சிரித்தான். சிரிப்பு முடியும்போது இருமினான். அப்போதே இருமினான். தூசிக்கு இருமுகிறான் என்று நினைத்தேன். தூசிக்குத்தான் இருமினான்.

எருமை முடிகிற நேரத்தில் காலரிக்காரர் என் வாசிப்பைக் கேட்டார். பெரிதாகச் செய்யலாம் என்றார். கல்லை நுழைவாயிலில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரில் என் இசை ஓடிக்கொண்டே இருக்கும். சென்னையிலிருந்து பதிவு செய்கிற ஆளையும் கேமராவையும் வரவழைக்கிறேன் என்றார். என் வாழ்நாளில் ஒருவர் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. காலில் விழாத குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மிஷின் எதுவும் ஓடாதபோது, ஷெட்டுக்குள்ளேயே எடுத்தோம். இந்த வாசிப்பில் சின்னச் சத்தம்கூடத் தப்பாது. நகம் கம்பியில் உரசுவது, சட்டை கிட்டாரில் தேய்வது எல்லாம் கேட்கும். அதனால் எங்களைப் போன்றவர்களுக்குச் சுத்தம் ஒரு நோய். நான் பனியனோடு உட்கார்ந்தேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். திரையை மூடச் சொன்னேன். சிற்பி எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், படத்தில் இரண்டு பேரும் தெரிய வேண்டும் என்று காலரிக்காரர் சொன்னார்.

முதல் தடவை பாதியில் இருமினான். நிறுத்தினோம். இரண்டாவது தடவை முடிகிற இடத்தில் இருமினான். மூன்றாவது தடவை வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டான், தோள் குலுங்கியது படத்தில் தெரிந்தது. பதிவு செய்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் நகத்தில் ஒன்று விரிய ஆரம்பித்தது. அது போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

"நாலு நிமிஷம் அடக்க முடியாதா உனக்கு? இன்னாடா இது பேஜாரு" என்றேன்.

அவன் தண்ணீர் குடித்தான். கைகாட்டினான், வாசி என்று.

நாலாவது தடவை நான் வாசித்ததுபோல அதற்கு முன்பும் வாசித்ததில்லை, இனியும் வாசிக்க மாட்டேன். அதில் அவன் ஏழு தடவை இருமினான். நான் நிறுத்தவில்லை. முடிந்ததும், இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. இருமலை எடுத்துவிட முடியுமா என்று பதிவு செய்கிறவரைக் கேட்டேன். இப்போதெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கிறது, தடம் தெரியாமல் எடுத்துவிடலாம் என்றார். படத்திலும் அந்த இடங்களில் என் விரலை மட்டும் பெரிதாகக் காட்டிக்கொள்ளலாம் என்றார்.

"தொடச்சிடுங்க" என்றேன்.

சிற்பி எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "வாணாங்கறத எடுக்கறது என் வேல மச்சான். நீ என்னியே எடுத்துட்ட" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

கண்காட்சி திறந்த அன்று எனக்குச் சால்வை போட்டார்கள். அவனால் காலரியின் படி ஏற முடியவில்லை, கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் மேலே நின்று எருமையோடு படம் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேகமாக முடிந்தது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, என்ன வேலை என்று. அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் ஒரு விரலை வைத்து மற்ற விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். மேலே தட்டினார், நடுவில் தட்டினார், கீழே தட்டினார். அவன் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கேட்டியா மச்சான்? மொத்துனு கீது" என்றான் என்னிடம். "இந்தக் கல்ல நான் வாங்க மாட்டேன்."

நுரையீரலில் கல் தூசி படிந்து இறுகிவிட்டது, சரிசெய்ய முடியாது, பிரியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சில மாதத்தில் போய்விட்டான். கடைசி வாரம் படுத்தால் மூச்சு வராது என்று உட்கார்ந்தே தூங்கினான். நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொள்வான். கம்பியின் தடம் நெற்றியில் அப்படியே இருந்தது, எரிக்கும்போதும்.

அவன் மனைவி, அணுசக்தி ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் வீட்டுவேலை செய்கிறார். எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர். காரியம் முடிந்த மறுநாளே காலரியில் பேச்சு கிளம்பியது, அவன் பீடி குடித்துச் செத்தான் என்று. பீடி குடிப்பான், உண்மை. ஷெட்டில் பீடியே தொடாத ஒருத்தன் இருக்கிறான், அவனும் இருமிக்கொண்டுதான் இருக்கிறான். அவர் மனு எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டது ஒன்றுதான். என் புருஷன் எதனால் செத்தான் என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதினால் அந்தத் தகரத்தைப் பிரித்தாக வேண்டும். உள்ளே இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்.

அந்த மனுவின்மேல்தான் விசாரணை. அதில்தான் போன் மேசைக்கு வந்தது.

அதிகாரி முழுசாகக் கேட்டார். பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் என்னைப் பார்த்து, ரொம்ப நன்றாக வாசித்திருக்கிறீர்கள் என்றார். அவர் மனதாரச் சொன்னார். நான் இத்தனை வருடம் எதிர்பார்த்த வார்த்தை.

சிற்பியின் மனைவி காலரிக்காரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணா, அன்னிக்கு நான் சோறு எடுத்துகினு வந்து தெரைக்கு வெளிய நின்னுகினு இருந்தேன். இருமிகினேதான இருந்தாரு. அத்த எங்க வச்சிருக்கீங்க?"

சொன்னேன். நான்தான் துடைக்கச் சொன்னேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அப்படியானால் இருமல் இருந்தது என்பதற்கு உங்கள் வார்த்தை மட்டும்தானா என்று கேட்டார். காலரிக்காரர், இவர் செத்தவரின் நண்பர், என்ன வேண்டுமானாலும் சொல்வார் என்றார். துடைக்காத பதிவு என்று ஒன்று கிடையவே கிடையாது, கையில் இருப்பது இதுதான் என்றார்.

வெளியே வந்து பதிவு செய்தவருக்குப் போன் போட்டேன். துடைக்காததும் துடைத்ததும் இரண்டையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் காலரியில் கொடுத்துவிட்டேன், என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன் என்றார். எழுதித் தருவீர்களா என்றேன். எனக்குக் காலரிக்காரர் மூலம் நிறைய வேலை வருகிறது அண்ணா என்று போனை வைத்துவிட்டார்.

என்னிடம் ஒன்று மட்டும் இருந்தது. ஏழு இருமலும் எங்கெங்கே வந்தன என்று எனக்குத் தெரியும். அவ்வளவு வெறுத்திருக்கிறேன் ஒவ்வொன்றையும். முதலாவது, அடிக்கம்பியை இரண்டாம் முறை அதிரவிடுகிற இடத்தில். மூன்றாவதும் நாலாவதும் அடுத்தடுத்து, எருமை முங்குகிற இடத்தில். கடைசி, மெட்டு முடிந்து கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போது, அதுதான் நீளமானது. துடைத்த பதிவை வைத்து ஒவ்வொன்றுக்கும் நிமிடமும் வினாடியும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிகாரியிடம் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்தார். இதைச் சரிபார்க்க மூலப் பதிவு வேண்டுமே என்றார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. இன்னும் அப்படியே இருக்கிறது.

அதை இப்போது நான் வாசிப்பதில்லை. ஒருமுறை முயன்றேன். முதல் இடம் வந்ததும் விரல் தானாக நின்றது. அவன் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வீட்டில் யாரும் இருமவில்லை. நகத்தை வெட்டிவிட்டேன். சூப்பர்வைசர் அதையும் கேட்டான், வளையல் உடைந்துவிட்டதா என்று. அவனை அடித்துவிட்டேன். மூன்று நாள் சஸ்பெண்ட்.

காலரிக்காரரே, நீங்கள் மட்டும் அந்த எருமையை இன்னும் வாசலில் வைத்திருக்கிறீர்கள். ஸ்பீக்கரில் இன்னும் என்னை ஓடவிடுகிறீர்கள். விருந்தாளிகள் காபியோடு நின்று கேட்கிறார்கள், பின்னால் தகரத்துக்குள் ஆறு பேர் மிஷின் ஓட்டுகிறார்கள்.

உங்களைத்தான் கேட்கிறேன். துடைக்காத பதிவு உங்களிடம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால், வாசலில் ஓடுகிற அதே ஸ்பீக்கரில், ஆட்கள் நிற்கும்போது போடுங்கள். நான் எழுதிக் கொடுத்த ஏழு இடம் கோப்பில் இருக்கிறது. ஒரு இடத்திலாவது இருமல் இல்லை என்றால் என்னைப் பொய்யன் என்று அதே வாசலில் வைத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அழித்துவிட்டீர்கள் என்றால், யார் அழித்தது, எப்போது, மனு வந்த பிறகா என்று சொல்லுங்கள். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். அந்த அம்மாவின் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். பொய்யை அதிகாரி முன்னால் சத்தமாகச் சொன்னீர்கள். பதிலையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.